மோனிஷாவின் விலாசத்தில் உன் பெயர் இல்லை

என் தலைச்சன் பிள்ளையே, ஸ்டெல்லா,

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நவம்பர் மாதம் மெழுகுவர்த்தியோடு உன் கல்லறைக்கு வந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. உன் மகள் உன் பெயரை வேண்டாம் என்றாள். நானும் கடைசியில் சரி என்றேன்.

பதறாதே. முழுவதும் கேள்.

நீ போகும்போது மோனிஷாவுக்கு ஐந்து வயது. இப்போது இருபத்து நான்கு. படம் வரைகிறாள். காலையில் சேலையூரில் ஒரு ஃப்ளாட்டில் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுக்கிறாள். மத்தியானம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பீச் வரை போய், இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வருகிறாள். மடியில் ஒரு நோட்டு. லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்திருக்கிற பெண்களை வரைவாள். ஒருத்தி முருங்கைக்கீரை உருவுவாள், ஒருத்தி பூக்கட்டுவாள், ஒருத்தி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்குவாள். வீட்டுக்கு வந்து அதைப் பெரிதாக வண்ணத்தில் போடுவாள்.

இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்டதுண்டு. பார்க்கிறார்கள் ஸ்டெல்லா. மயிலாப்பூர் பக்கம் ஒரு கூடத்தில் அவளுடைய பன்னிரண்டு படங்களை ஒரு வாரம் மாட்டி வைக்கிறோம் என்று கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதத்தை நான் மடித்து என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். தெருவில் யார் எதிரே வந்தாலும், கேட்காமலேயே சொன்னேன்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு சின்ன அட்டை வைப்பார்களாம். அதில் அவளுடைய வெப்சைட் விலாசம் இருக்க வேண்டுமாம். படம் பிடித்தவர்கள் வீட்டுக்குப் போய் அந்த விலாசத்தைத் தட்டினால் மற்ற படங்களையும் பார்க்கலாம். அட்டை அச்சடிப்பவர் தாம்பரத்துக்காரர், போனிலேயே கத்தினார். “இன்னா பாப்பா, இன்னும் பேரே முடிவாவலயா? திங்கக்கெழமைக்குள்ள குடுத்துடு, அப்பால என்னைக் கேக்காதே.”

சனிக்கிழமை மத்தியானம் பரிதா வந்தாள். மோனிஷாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிகிற பெண். அவள் அப்பாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை. காட்டாங்குளத்தூரில் படித்துவிட்டு இப்போது கம்ப்யூட்டர் வேலை. வெப்சைட்டை அவள்தான் செய்துகொடுக்கிறாள். நம் இரும்புலியூர் வீட்டு ஹாலில் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். நானும் வெங்காயத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அது என்னம்மா, பேரு முடிவு பண்ண இவ்வளவு யோசனை?” என்று கேட்டேன்.

“ஒருத்தர் ஒரு பேரை எடுத்துட்டா உலகத்துலயே வேற யாருக்கும் அது கிடைக்காது பாட்டிம்மா,” என்றாள் பரிதா. “அதான் பாத்துப் பாத்து எடுக்கணும். ஒரு தடவை நாலு பேருக்குத் தெரிஞ்சிட்டா அப்புறம் மாத்தவும் முடியாது.”

முதலில் பரிதா லேப்டாப்பில் மோனிஷா டாட் காம் என்று தட்டினாள். அது போய்விட்டது. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவர்கள் யாரோ எடுத்திருக்கிறார்கள். மோனிஷா ஆர்ட், அதுவும் போய்விட்டது. மோனிஷா பெயின்ட்ஸ் மட்டும் மிச்சம் இருந்தது.

“வேணாம்டி,” என்றாள் பரிதா. “பெயின்ட் கடைன்னு நெனச்சுக்குவாங்க. ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு வெள்ளையடிக்க எவ்ளோ ஆகும்னு போன் வரும்.”

“வந்தா அடிச்சுக் குடுக்கறது. படம் விக்கறதைவிட அது சீக்கிரம் நடக்கும்,” என்றாள் உன் மகள்.

“எரும. போன்ல ஒரு தடவை சொன்னா எதிராளுக்குப் புரியற மாதிரி ஒரு பேரு வேணும். நடுவுல கோடு, நம்பர் எல்லாம் இருக்கக் கூடாது. இனிஷியல் சேத்துப் பாக்கட்டா?”

மோனிஷா வாயைத் திறப்பதற்குள் நான்தான் சொன்னேன். “இனிஷியல் எதுக்கு இப்ப? ஸ்டெல்லா மோனிஷான்னு போட்டுப் பாரும்மா.”

பரிதா தட்டினாள். “பாட்டிம்மா, காலியா இருக்கு!”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை பெரிய உலகத்தில் அந்த இடம் மட்டும் ஒருவரும் தொடாமல் கிடந்திருக்கிறது. உனக்காகத்தான் கிடந்தது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

உன் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ‘டேவிட்டின் அன்பு மனைவி’ என்று பெரிய எழுத்தில் வெட்டி, அதற்குக் கீழேதான் ஸ்டெல்லா என்று போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள், என்ன வெட்டலாம் என்று எனக்கும் சொல்லத் தெரிந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை, இறந்தவர்கள் பூசையில் சாமியார் பட்டியல் வாசிக்கும்போது உன் பெயர் வெளியே கேட்கும். என் காது அதற்குக் காத்துக்கொண்டே இருக்கும். பட்டியல் நீளமாக இருந்தால் வேகமாக வாசித்துவிடுவார்.

அதனால்தான் கேட்டேன். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் ஒவ்வொரு எழுத்தாக உன் பெயரைத் தட்டினால்தான் உன் மகளின் படம் திறக்கும் என்றால், அது எவ்வளவு பெரிய காரியம்?

“வாங்கிடட்டா?” என்று பரிதா கேட்டாள். “நாளைக்குச் சொல்றேன்டி,” என்றாள் மோனிஷா. எழுந்து போய் முகம் கழுவினாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

சாயங்காலம் உன் புருஷன் போன் செய்தார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது, ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு மகளுக்குக் கேக்கும் துணியும் கொண்டுவரத் தவறியதில்லை.

“அத்தை, ஸ்டெல்லா பேரைச் சேக்கறீங்களாமே? பாப்பா சொல்லுச்சு. நான் வேணாங்கல. ஆனா பெத்தவன் உசுரோட இருக்கேன். என் பேரு ஒரு எழுத்துகூட இல்லன்னா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?”

“அந்த நாலு பேருக்கும் பத்தொம்பது வருஷமா நான்தான் பதில் சொல்லிட்டிருக்கேன் மாப்பிள்ளை,” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திமிர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மோனிஷா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் இல்லை. அவள் கையில் பென்சில் இல்லாமல் உட்கார்ந்தால் எனக்குப் பயம்.

“பாட்டி, அம்மா பேரு வேணாம்.”

“ஏன்? அப்பா திட்டினாரா?”

“அப்பா பேரும் வேணாம்.”

எனக்கு வந்த கோபத்தில் என்ன கேட்டேன் தெரியுமா? “பெத்தவ பேரு உனக்குப் பாரமா போச்சா?” இதைக் கேட்டிருக்கக் கூடாது.

அவள் அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். “ரெண்டாவது படிக்கறப்ப நான் ஒரு காக்கா வரைஞ்சேன். மிஸ் அதை இன்னொரு மிஸ் கிட்ட காட்டி, ‘பாவம், அம்மா இல்லாத குழந்தை, எவ்ளோ அழகா வரையுது பாரு’ன்னாங்க. அந்தக் காக்கா நல்லாவே இல்ல பாட்டி. ஒரு கால் வயித்துலேர்ந்து வந்துச்சு. எனக்கே தெரியும். ஆனா எனக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ். அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும், யாராவது நல்லா இருக்குன்னு சொன்னா, படத்துக்குச் சொல்றாங்களா, பாவம்னு சொல்றாங்களான்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது.”

கையிலிருந்த ஜெபப் புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

“அம்மா பேரை முன்னாடி போட்டா, யாரு ஸ்டெல்லான்னு கேப்பாங்க. நான் சொல்லணும். சொன்னதும் உச்சுக் கொட்டுவாங்க. அப்புறம் எங்க படத்தைப் பாப்பாங்க? அம்மா பாரம் இல்ல பாட்டி. அந்தப் பாவம்தான் பாரம்.”

ஸ்டெல்லா, அந்தப் பாவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். நான் ஆயா வேலை பார்த்த சேலையூர் பள்ளிக்கூடத்திலேயே அவளையும் சேர்த்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது டீச்சர் வந்ததும், முதல் மணி அடிப்பதற்குள் வகுப்பு வாசலில் போய் நிற்பேன். “அம்மா இல்லாத பொண்ணு மிஸ், கொஞ்சம் பாத்துக்கோங்க.” பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில், அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். அவள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் அவளைக் கடிந்து பேசக்கூடாது என்பதுதான் என் எண்ணம். யாரும் கடிந்து பேசவில்லை. உண்மையும் பேசவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் பெயரை நான் கேட்டது உனக்காகவா, எனக்காகவா? நீ கேட்டாயா? உன் பெயர் வெளியே கேட்க வேண்டும் என்று தவிக்கிற காது என்னுடையது. அதற்கு உன் மகளின் படங்களை வாசலில் காக்க வைப்பது நியாயமா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ‘விடும்மா’ என்று கையை உதறியிருப்பாய். அந்த உதறல்கூட இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை காலை பரிதா மறுபடி லேப்டாப்போடு வந்தாள். இரண்டு பேரும் ஏதேதோ தட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை. அச்சுக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் அடுப்படியிலிருந்தே சொன்னேன்.

“எங்க ஸ்கூல்ல ஒரே வகுப்புல மூணு பிரியா இருந்தாங்க. வேன்ல ஏத்தும்போது இனிஷியல் எல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருக்காது. மாடம்பாக்கம் பிரியா, ராஜகீழ்ப்பாக்கம் பிரியா, செம்பாக்கம் பிரியான்னுதான் கூப்பிடுவோம். ஒரு நாளும் ஒருத்தி மாறி இறங்கினதில்ல.”

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மோனிஷா தாம்பரம்,” என்று சொல்லிப் பார்த்தாள் உன் மகள். இன்னொரு முறை சொன்னாள். அவள் ரயில் ஏறுகிற இடம், அவள் படத்தில் இருக்கிற பெண்கள் எல்லாம் இறங்குகிற இடம்.

“ஸ்பெல்லிங் யாரும் கேக்க மாட்டாங்க,” என்றாள் பரிதா. “ஸ்டேஷன் போர்டுலயே எழுதியிருக்கு.” தட்டினாள். காலியாக இருந்தது. வாங்கிவிட்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உனக்குப் பெயர் வைக்க நானும் உன் அப்பாவும் மூன்று மாதம் சண்டை போட்டோம்.

போன வாரம் அந்தக் கூடத்தில் படங்களை மாட்டினார்கள். ஸ்டெல்லா, வெள்ளைச் சுவரில் நம் தாம்பரத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர். கீழே அட்டை, அதில் அந்த விலாசம். என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். என்னைப் போலப் பெருமைப்பட்டவள் அன்று அந்தக் கூடத்தில் வேறு யாரும் இல்லை.

கதர்ச் சேலை கட்டிய ஒரு அம்மாள் பூக்கட்டுகிறவளின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம், “நீங்க யாரும்மா, இந்தப் பொண்ணுக்குச் சொந்தமா?” என்று கேட்டார்.

அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பத்தொன்பது வருஷப் பழக்கம் இல்லையா? விழுங்கினேன். “பாட்டி. அவ பேரு மோனிஷா, ஓவியர்,” என்றேன்.

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு மோனிஷாவிடம் திரும்பினார். “முகமெல்லாம் அருமையா வந்திருக்கு. ஆனா இந்த இடது கையைப் பாரு. பூக்கட்டறவளோட விரல் இப்படி விறைப்பா நிக்காது. அவசரப்பட்டுட்டியா?”

மோனிஷாவைப் பார்த்தேன். உன் மகள் முகம் மலர்ந்துவிட்டது. “ஆமா மேடம், அந்தக் கை எனக்கும் சரியா வரல. மூணு தடவை போட்டேன்,” என்றாள். இரண்டு பேரும் அந்த ஒரு கையைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார்கள் தெரியுமா? அவள் அவ்வளவு சந்தோஷமாக யாரோடும் பேசி நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். “நாளைக்குப் பூ மார்க்கெட் போகணும் பாட்டி, கை பாக்கணும்,” என்றாள்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். இனி உன் மகளை யாரிடமும் அம்மா இல்லாத பெண் என்று சொல்ல மாட்டேன். அதற்காக உன்னைப் பற்றிப் பேசாமலும் இருக்க மாட்டேன். பூசை நடுவில் உனக்குச் சிரிப்பு வந்தால் அடங்காது என்பதைச் சொல்வேன். நீ பூசணிக்காய் வரைந்தால் முறம் மாதிரி இருக்கும், இவளுக்கு இந்தக் கை உன்னிடமிருந்து வரவில்லை என்பதையும் சொல்வேன். அதெல்லாம் உன் கதை. உன் கதையாகவே சொல்வேன். அவளுடைய குறையாக இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

உன்னைப் பெற்று, உன் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்ட
உன் அம்மா,
ரெஜினா