கோடியக்கரையில் கையால் பேசியது

ஜனவரி 16, வெள்ளி. மண்ணரை.

பனி. மாடியில் போட்ட துணி காயவே இல்லை. எடுக்க வேண்டியவை: புளிச்சோறு, இனியாவின் ஸ்வெட்டர், வாந்தி மாத்திரை, இவருக்குத் தைலம்.

பொங்கல் லீவு. கீழே ஷெட்டில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் எல்லாம் நிற்கின்றன. நின்ற பிறகும் மேலே வீட்டில் இவர், நான், மகள் மூன்று பேரும் கத்தித்தான் பேசுகிறோம். பழக்கம். பக்கத்து வீட்டு அக்கா: "உங்கூட்டுல சண்டைங்களா, டூர் கெளம்பறீங்களா?"

மிஷின் ஓடும்போது ஷெட்டுக்குள் கத்தினாலும் கேட்காது. கைப்பாஷைதான். இரண்டு விரலைக் கத்தரி போல் காட்டினால், நூல் அறுந்தது. கட்டைவிரல் வாய்க்குப் போனால், டீ. இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால், எல்லா மிஷினையும் நிறுத்து. இந்தக் கடைசியை இவர் காட்டி நான் பார்த்ததே இல்லை. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் இவருக்கு.

இனியா சுவரெல்லாம் பூநாரை வரைந்து வைத்திருக்கிறாள். ஒன்பது வயது. நேரில் பார்த்தே ஆக வேண்டுமாம். அதற்குத்தான் நாளை கோடியக்கரை.

ஜன. 17, சனி. வேதாரண்யம், லாட்ஜ்.

துணி ரோல் ஏற்றும் எங்கள் வேனிலேயே வந்தோம். கோடியக்கரை. உப்புக் காற்று. வேனைச் சுற்றி மட்டக்குதிரைகள், யாருக்கும் சொந்தமில்லாதவை. முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமான் ரோட்டில் நின்று எங்களைப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்று தெரியவில்லை.

சாயந்தரம் சதுப்பு. தண்ணீருக்கு அந்தப் பக்கம் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. "மெதுவா வாங்க சார், சத்தம் கேட்டா பறந்துடும்" என்றார் வனத்துறை வாட்சர். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏம்புள்ள! அங்க பாரு! கண்ணு, பாரு பாரு!" ஷெட் குரல். கோடு அப்படியே எழுந்து போய்விட்டது. இனியா கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் வானம் காலி. அழுதாள். வாட்சர் இவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

இவர் சாப்பிடவில்லை. "காலைல நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் வேன்லயே இருந்துக்கறேன். என்ற வாய் சும்மா இருக்காது." எனக்குக் கோபம். இவ்வளவு தூரம் வந்தது வேனில் உட்காரவா? நாளை மத்தியானம் ஊர் திரும்பணும். திட்டினேன், சத்தமாகத்தான்.

ஜன. 18, ஞாயிறு. திரும்பும் வழி. வேன் ஆட்டத்தில் எழுத்து கோணல்.

காலையில் மூடுபனி. சொன்னபடியே வேனைவிட்டு இறங்கவில்லை மனிதர். இனியா போய்க் கதவைத் திறந்தாள். "அப்பா, ஷெட்டுல பேசற மாதிரி கையில பேசுங்க. வாய எதுக்குத் தொறக்கறீங்க?"

இது எனக்குத் தோன்றவில்லையே!

மூவரும் வாட்சருக்குப் பின்னால். ஒரு வார்த்தை இல்லை. நான் கட்டைவிரலை வாயில் வைத்துக் காட்டினேன். அப்புறம் என்று இவர் கையை ஆட்டினார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு. வாட்சர் குசுகுசுவென்று, "நேத்து வந்தது வேற ஆளா சார்?"

பனி விலகியது. அம்மாடி, எவ்வளவு பக்கத்தில்! கண் போகிற தூரம் வரை பூநாரை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீரில் விட்டுத் துழாவுகின்றன. தண்ணீர் சலசலப்பதுகூடக் கேட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சின்னச் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஒன்று இறக்கையை விரித்தது. உள்ளே அப்படி ஒரு சிவப்பு. எங்கள் ஊர்ச் சாயப்பட்டறை எதிலும் பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். இனியா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள்.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். மெல்ல, மெல்ல, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்தார். அங்கே ஏது மிஷின்? ரொம்ப நேரம் இறக்கவே இல்லை.