குழிவாயில் சொன்ன நன்மரண ஜெபம்

சேசு மரி சூசை துணை

கலகெதர,
1936 கார்த்திகை.

என் அன்பும் ஆறுதலுமான குமாரன் மனுவேலுக்கு உன் தகப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. கோலார் தங்கவயலில் நீயும் மருமகள் றீற்றாவும் சரீர சுகத்தோடும் ஆத்தும சுகத்தோடும் இருக்கும்படி தேவமாதாவை மன்றாடுகிறேன். இவ்விடத்தில் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் க்ஷேமம் என்று எழுதப் பேனா இணங்கவில்லை. உன் தாயாருக்கு முழங்கால் வாதம் அதிகப்பட்டுக் கதிரையில் இருந்தபடியே ஜெபமாலை சொல்லுகிறாள், அதையும் ஒரு பாவமாக எண்ணிச் சுவாமியாரிடம் போய்ச் சொன்னாள். உன் தங்கை டொரதிக்கு இது ஏழாம் மாதம், முகம் வெளிறியிருக்கிறது, சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் வயிற்றுப் பிள்ளை அல்ல.

பென்சில் காரீயத்துக்கு மறுபடியும் விலை ஏறியதால், வருஷக்கணக்காய்த் தண்ணீர் நின்ற குழிகளையெல்லாம் இறைத்துத் திறக்கிறார்கள். குழிகள் திறந்தன, குழியை அறிந்த மனிதர் இல்லை. தொழில் கற்றவர்கள் உன்னைப் போலக் கடல் கடந்தார்கள்; எஞ்சியவர்களைப் பெரிய சுரங்கக்காரர் கூடுதல் கூலி காட்டி அழைத்துக்கொண்டார்கள். நம் முஹைதீன் முதலாளியின் சிறு குழியில் மேற்பாறைக்கு முட்டுக்கட்டை நிறுத்தத் தெரிந்தவர், உனக்கும் தொழில் காட்டிய காளிமுத்து ஒருவரே. அவரும் நெஞ்செல்லாம் காரீயத் தூளாகி, இருமி இருமிப் பன்விலத் தோட்டத்து மகள் வீட்டில் போய்ப் படுத்துவிட்டார். அவர் இடத்துக்கு முதலாளி நியமித்தது யாரை என்று நினைக்கிறாய்? டொரதியின் புருஷன் பற்றிக்கை. தேயிலைப் பெட்டி அடிக்கிற தச்சன், உளி பிடித்தவனுக்குக் கட்டை நிறுத்தத் தெரியாதா என்பது முதலாளியின் எண்ணம். கூட இறங்குகிற பழனியாண்டி முதல்நாளே, "பற்றிக்கண்ணே, பெட்டின்னு நெனச்சி எங்கள உள்ள வச்சி ஆணி அடிச்சிறாதீங்க" என்று பரிகாசம் பண்ண, குழிவாயே சிரித்ததாம், பற்றிக் மட்டும் சிரிக்கவில்லையாம். ஐப்பசி மழை ஊறி ஒருநாள் பாறை சரிந்தது, அவன் நிறுத்திய கட்டைகள் முறிந்தன. சர்வேசுரன் காத்தார், ஒருவருக்கும் சேதமில்லை. ஆனால் மறுநாள் ஒருவரும் இறங்கவில்லை.

அன்று முதலாளி என்னிடம் ஆளனுப்பி, உபதேசியார் வந்து குழிவாயில் ஒரு ஜெபம் சொன்னால் இவர்களுக்குத் தைரியம் வரும் என்று கேட்டார். போனேன், சொன்னேன், தீர்த்தம் தெளித்தேன். நம் வேதக்காரர் மட்டுமல்ல, பழனியாண்டி முதலானோரும் நெற்றியில் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். அதுமுதல் தினமும் நான் போகவேண்டும் என்றாயிற்று. காளிமுத்தை வண்டி வைத்து அழைத்து வந்து மேலே உட்கார்த்தி, பற்றிக்குக்கும் இன்னும் சிலருக்கும் தொழிலைச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள், அதுவரை குழியை மூடிவையுங்கள் என்று முதலாளியிடம் மன்றாடினேன். "தேடாத எடமில்ல உபதேசியாரே, தெரிஞ்சவன் எல்லாம் ஊர விட்டே பெய்த்தான். எறங்காத மனிசனுக்குக் கூலி குடுக்க ஏலுமா? நீங்க ஓதினா இவனுகள் எறங்குறானுகள்தானே, அது போதும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். சொந்தத் தம்பி ஹபீலையும் அதே குழியில்தான் இறக்குகிறார். கட்டுகஸ்தோட்டைச் சுவாமியாரிடம் போய் என் சங்கடத்தைச் சொன்னால், ஜெபம் கேட்கிறவனுக்கு இல்லையென்று சொல்ல நமக்கு அதிகாரம் ஏது என்று கேட்கிறார். பற்றிக்கை வேலையை விடச் சொன்னேன். "நான் வேலய விட்டு நின்னா இன்னொருத்தன் வருவான் மாமா. நானாவது ஒரு தடவ விழுந்தத பாத்திருக்கேன்" என்கிறான்.

கடைசியில் ஒரு யுக்தி செய்தேன். பயம் வந்தாலாவது திரும்பிப் போவார்கள் என்று, போன வெள்ளிக்கிழமை காவல் ஜெபத்தை விட்டுவிட்டு, சாகக் கிடப்போர் தலைமாட்டில் சொல்லும் நன்மரண ஜெபத்தை உரத்த சத்தமாய்ச் சொன்னேன். ஆத்துமம் சரீரத்தை விட்டுப் பிரியும் அந்த நேரத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. முழங்காலில் நின்று கடைசிவரை கேட்டு, ஆமென் சொல்லி, ஒவ்வொருவராய் என் கையை முத்தி செய்துவிட்டு ஏணியில் இறங்கினார்கள். பழனியாண்டி பாதி ஏணியில் தலையைத் தூக்கி, "இன்னைக்கித்தாங்க சாமி முழுசா ஓதினீங்க, இனி என்ன நடந்தாலும் கவலயில்ல" என்று சொல்லிப் போனான். இப்போது தினமும் அதையே கேட்கிறார்கள். நானும் அதையே சொல்லுகிறேன். பிறகு வீட்டுக்கு வர மனமில்லாமல், கடைசி மனிதன் மேலே வரும்வரை அங்கேயே ஒரு மரத்தடியில் இருக்கிறேன்.

அண்ணனுக்கு எழுதுங்கள் அப்பா, அவர் வந்தால் இவர் பிழைப்பார் என்று டொரதி என் காலைப் பிடித்து அழுகிறாள். இருக்கிற ஒரே மகனையும் அந்தக் குழியிலேயா போடப் போகிறீர்கள், எழுதினால் உங்கள் கையால் சோறு வாங்கமாட்டேன் என்கிறாள் உன் தாயார். இரண்டு பேரும் சொல்லுவது நியாயம். ஆகையால் வா என்று நான் எழுதவில்லை. வராதே என்று எழுதவும் எனக்குத் திடனில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். கட்டை முறியுமுன் என்ன சத்தம் கொடுக்கும், பாறை சரியுமுன் என்ன அடையாளம் காட்டும் என்று உனக்குத் தெரிந்ததையாவது பற்றிக்குக்கு விளங்கும்படி மறு தபாலில் எழுது.

பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் ஆசீர்வாதம் உன் தலைமேலும் றீற்றாவின் தலைமேலும் உங்கள் வீட்டு வாசல்மேலும் நிலைத்திருப்பதாக. இறங்குமுன் ஜெபம் சொல்ல மறவாதே என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுவேன் அல்லவா, இம்முறை அப்படி எழுதவில்லை. முதலில் தலைக்குமேல் இருக்கிற கட்டைகளைத் தட்டிப் பார் மகனே, ஒன்றுவிடாமல் தட்டிப் பார். ஜெபம் பிறகு சொல்லலாம். சர்வேசுரன் காத்திருப்பார்.

உன் தகப்பன்,
ம. சவரிமுத்து உபதேசியார்.