கறுப்புப் பாய் கட்டிய கப்பல்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அதுவும் படி ஏறும்போதுதான் முனகுகிறது, இறங்கும்போது வாயைத் திறப்பதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் விட்டதா என்று நான் கேட்பதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுது, மொத்தமாக "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே வரியில் மூட்டை கட்டிவிடாதே. அக்கா கடையை நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். ஊசியைப் பிடித்தால் அப்பாவுடைய அதே கை, கோபமும் அதே கோபம். போன வாரம் ஒருவன் காதலியின் பெயரைக் கழுத்தில் டாட்டூ குத்தச் சொல்லி வந்து நின்றான், எத்தனை நாள் பழக்கம் என்று கேட்டாள், பதினோரு நாள் என்றான், "அப்ப பன்னெண்டாவது நாள் வாங்க, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள். கீழ்க்கடை சாவிக்காரர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, மழையும் நின்றுவிட்டது, அதனால் கொத்தனாரைப் பாராட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நீ அனுப்பிய படம் வந்து பத்து நாளாகிறது. "இதையே அழகா வரைஞ்சு குடும்மா, இங்க ஒருத்தர்கிட்ட குத்திக்கிறேன்" என்று கேட்டிருந்தாய். பதில் போடாதது மறதியால் இல்லை. முதலில் தொழில்காரியாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டின் உள்பக்கம் தோல் மெல்லியது, அங்கே இவ்வளவு கறுப்பை அடைத்தால் உயிர் போகிற வலி வலிக்கும். பத்து வருஷத்தில் மை பரவி, கப்பலும் இருக்காது பாயும் இருக்காது, அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு மாதிரி ஆகிவிடும். பாறை உச்சியில் கடுகளவுக்கு ஒரு கிழவரை நிறுத்தியிருக்கிறாய், அவர் அதற்கு முன்னாலேயே கரைந்துபோவார். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, நான் சொல்ல வேண்டியது இதுவா என்று எனக்கே வெட்கமாகிக் கிழித்துப் போட்டேன். இப்போது மறுபடி அதையேதான் எழுதியிருக்கிறேன், பார்.

உன் கப்பல் வருகிற அந்தக் கிரேக்கக் கதைகள் நம் வீட்டுக்குள் வந்த விதம் உனக்குத் தெரியாது. அக்காகூடப் பிறக்காத காலம். ரோஜா, இதயம், பெயர், இவ்வளவுதான் கடையில். ஒருநாள் ஒரு லாரி டிரைவர் வந்து, மாட்டுத்தலையும் மனுஷ உடம்புமாக ஒருவன் வேண்டும் என்றார். யார் அது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அப்பா நூலகத்துக்குப் போய் அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தார், மினோட்டார் என்ற அந்த மாட்டுத்தலைக்காரனைத் தேடப் போனவர் அந்தப் புத்தகத்தை விட்டு வெளியே வரவே இல்லை. மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அவர் உரக்க வாசிப்பார், நான் எதிரே உட்கார்ந்து வரைவேன், சோறு ஆறிப்போகும். என் வாழ்க்கையிலேயே நல்ல மத்தியானங்கள் அவைதான். அப்புறம்தான் அந்தப் பழக்கம் வந்தது: என்ன படம் கேட்டு வந்தாலும், அந்தக் கதையை அவர்கள் வாயாலேயே முடிவு வரை சொல்ல வேண்டும், சொன்னால்தான் ஊசி. கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி ஆர்ஃபியஸும் யூரிடிசியும் கேட்டு வந்தது ஞாபகமிருக்கிறதா, நீ அப்போது பள்ளிக்கூட லீவில் கடையிலேயே கிடந்தாய். முடிவு தெரியுமா என்றார் அப்பா. தெரியாது. செத்துப்போன மனைவியை மேலே அழைத்து வருகிறவன், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியும் திரும்பிப் பார்த்து அவளை இழந்துவிடுகிறான் என்று இவர் சொன்னதும், அந்தப் பையன் "நான்லாம் திரும்பிப் பாக்கவே மாட்டேன்" என்று மார் தட்டினான். அந்தப் பெண் "பஸ் ஸ்டாப்புக்குள்ள பத்து தடவ திரும்பிப் பாக்குற ஆளு நீ" என்றாள். கடைசியில் ஆளுக்கொரு ஆந்தை குத்திக்கொண்டு போனார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் கதை சொல்லும்போது நான் கேட்டுக்கொண்டே வரைவேன், அவர்கள் சொல்லாத ஒரு கோட்டை நானாகச் சேர்ப்பேன். பார்வையாலேயே ஆளைக் கல்லாக்குகிற மெடூசாவைக் கேட்ட நர்ஸுக்கு, அவள் கண் மூடியிருக்கிற மாதிரி வரைந்தேன், நாள் முழுக்க விழித்திருக்கிற கண், கொஞ்சம் தூங்கட்டும் என்று. காலமெல்லாம் பாறையை உருட்டுகிறவனைக் கேட்ட சுமைதூக்கிக்கு அந்தப் பாறையின்மேல் ஒரு குருவியை உட்கார வைத்தேன். "ஊசி குத்துறப்ப அழாதவன் உன் கோட்டைப் பாத்து அழுவுறான்" என்பார் அப்பா. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

நீ கேட்கிற கதையைத்தான் அவர் உனக்கு அதிகம் சொன்னார். தீசியஸ் என்ற பிள்ளை மினோட்டாரைக் கொல்லப் போகிறான், உயிரோடு திரும்பினால் கப்பலில் வெள்ளைப் பாய் கட்டுகிறேன், இல்லாவிட்டால் கறுப்பு அப்படியே இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகிறான். ஜெயித்துவிடுகிறான், ஜெயித்த சந்தோஷத்தில் பாயை மாற்ற மறந்துவிடுகிறான், உச்சியில் காத்திருந்த தகப்பன் கறுப்பைப் பார்த்ததும் கடலில் விழுந்துவிடுகிறான். உனக்கு வேலை நிரந்தரமானதும் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தாய், ஆனது, நண்பர்கள் விருந்துக்கு இழுத்துப் போனார்கள், நீ நேரம் கழித்துப் போன் பண்ணியபோது அக்கா எடுத்து, அப்பா போய்விட்டார் என்று அழுதாள். உன் படத்தைப் பார்த்த பிறகுதான், பதினான்கு மாதமாக நீ எந்தக் கதைக்குள் உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்கு விளங்கியது. அந்தக் கதையை உனக்கு மாட்டிவிட்டது நான்தான் கண்ணா.

அன்றைக்கு அக்காவிடமிருந்து போனை வாங்கி நான் என்ன சொன்னேன்? "கடைசி வரைக்கும் ஜன்னல்கிட்டயே உக்காந்து உன் போனுக்காகத்தான்டா பாத்துக்கிட்டிருந்தார்" என்றேன். அது பொய். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தது அங்கே காற்று வரும் என்பதால். அவருடைய போன் அவர் கையிலேயே இல்லை, நம் பிளக் பாயிண்ட் கெட்டிருந்ததால் கீழே சாவிக்காரர் கடையில் சார்ஜில் கிடந்தது, சந்தேகமாக இருந்தால் அவரைக் கேள். காலையில் என்னிடம் "அவனோட வேலை விஷயம் என்னைக்கு?" என்று கேட்டார், இன்றைக்குத்தான் என்றேன், "அடடா, நான் அடுத்த வாரம்னுல்ல நெனச்சேன்" என்றார். "அவனுக்குக் கிடைக்காம எங்க போயிடும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார், நாற்காலியில் சாய்ந்தார், வாயைத் திறந்து குறட்டை விட்டார், சாயங்காலம் எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் கூட இருந்த மனுஷன் இப்படிச் சும்மா தூங்கிப் போய்விட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் நிறையவில்லை என்று பட்டது. கை பழக்கம், ஒரு கோட்டைச் சேர்த்துவிட்டேன். அது உன் தோலுக்குள் எப்படி இறங்கும் என்று யோசிக்கவில்லை. அன்று மத்தியானம் முழுக்க என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தது நான்தான், என்னுடைய காத்திருப்பைத் தூக்கி அவர்மேல் போட்டேன்.

அதனால் இந்தப் படத்தை நான் வரைய மாட்டேன், வேறு யாரையும் வரைய விடாதே. உனக்கு அம்மாமேல் கோபம் வரும். வரட்டும். இத்தனை நாளும் உன்னையே திட்டிக்கொண்டிருந்தாய் அல்லவா, இனிமேல் என்னைத் திட்டு. அப்பாவால் உனக்குப் பதில் சொல்ல முடியாது, என்னால் முடியும்.

கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நன்றாகத் தூக்கம் வர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். கடிதம் கிடைத்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அம்மா