நாலாம் பக்கத்து முயற்ச்சி

அன்பு மகளுக்கு,

இங்கே நான், உன் அம்மா, சின்னவள் மூவரும் நலம். குளியலறைக் குழாய் மட்டும் நலமில்லை. உன் நலத்தை நீ எழுதினால் தெரிந்துகொள்வோம், எழுதாவிட்டால் நலம் என்றே வைத்துக்கொள்வோம், இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. போனில் கேட்டால் "சூப்பரா இருக்கேன்பா, மீட்டிங் இருக்கு" என்கிறாய். ஐந்து வினாடியில் முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு கூப்பிட்டால் நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். நம் குடும்பத்திலேயே தொடர்பியல் படித்தவள் நீ ஒருத்திதான் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. அதனால்தான் கடிதம். நீ கடைசியாக அனுப்பிய போட்டோவைப் பார்த்து நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா மூன்று நாள் புலம்பினாள். அது போட்டோ நீளவாக்கில் இழுபட்டதால் வந்தது, பின்னாலிருக்கும் நாற்காலியும் இளைத்திருக்கிறது பார் என்றேன். "நாற்காலியப் பெத்தது நானா?" என்றாள். விஷயம் அதோடு நின்றது.

சின்னவளுக்கும் தொடர்பியலில் இடம் கிடைத்திருக்கிறது, நீ படித்த அதே கல்லூரி. வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், அதிலும் இரண்டு வார்த்தை "ம்" என்பது. இப்போது மூச்சு விடாமல் பேசுகிறாள், ஆகவே படிப்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். கடன் எட்டு லட்சம். படிப்பு முடிந்ததும் ஐந்து வருடம், மாதம் பதினேழாயிரம் கட்ட வேண்டும். வருகிற பத்தாம் தேதி வங்கியில் நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கட்டாவிட்டால் என் பென்ஷன் கட்டும். கல்லூரி அச்சடித்த வழிகாட்டிப் புத்தகத்தில், படித்து முடித்தவர்களின் சராசரிச் சம்பளம் நாற்பத்தைந்தாயிரம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. முப்பத்தொரு வருடம் கடை கடையாகத் தராசுக்கு முத்திரை வைத்தவன் நான், பெரிய எழுத்தைப் பார்த்தால் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று கை தானாகத் தடவும். நேரில் போனேன். சேர்க்கை மேசையில் இருந்த பெண் நல்ல பிள்ளை, "இது ஆவரேஜ் சார், எல்லாரும் கேட்டாச்சு, நீங்கதான் சார் பாக்கி" என்று சொல்லிக் கணக்கு போட்ட தாளையே காட்டிவிட்டாள். அறுபது பேருக்குக் கடிதம் போட்டதில் ஆறு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் தன் அப்பாவின் விளம்பரக் கம்பெனியில் இயக்குநராகச் சேர்ந்தவர், மாதம் ஒரு லட்சத்து எழுபதாயிரம். அவரைத் தட்டிலிருந்து இறக்கிவிட்டால் மிச்ச ஐந்து பேருக்கும் தலைக்கு இருபதாயிரம். பதினேழு போனால் மூவாயிரம் மிஞ்சும். அதில் போனுக்கு ரீசார்ஜ் செய்யலாம், தொடர்பு அறுந்துபோகாது. சாப்பாடு வேறு துறை.

தராசைச் சோதிக்க இன்னொரு வழி, இந்தத் தட்டில் இருப்பதை அந்தத் தட்டுக்கு மாற்றிப் பார்ப்பது. சின்னவள் இப்போது பல் டாக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து, கடன் எதுவுமில்லாமல் மாதம் பதினைந்தாயிரம் வாங்குகிறாள். இதைச் சொன்னேன். "அப்பா, மனுஷங்க என்ன வெங்காயமா, எடை போட?" என்றாள். வெங்காயத்துக்கு இவ்வளவு கடன் யாரும் தரமாட்டார்கள் என்றேன். அழுதுவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாம். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே புத்தகத்தைத் தூக்கி வந்து "நாலாம் பக்கம் பாருங்க, அங்க படிச்ச அக்கா ஒருத்தங்க எவ்ளோ உருக்கமா சொல்லியிருக்காங்கன்னு" என்று காட்டினாள். சிவப்பு மையால் அடிக்கோடு வேறு. பெயர் போடாத முன்னாள் மாணவி ஒருத்தி, 'கடன் என்னைப் பயமுறுத்தவில்லை, என் விடாமுயற்ச்சிக்கு இந்தப் படிப்பு சிறகு தந்தது' என்று சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் வகுப்பில் டீச்சர் உன்னை முயற்சி என்று ஐம்பது தடவை எழுதி வரச் சொன்னார். ற் வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மெய்யெழுத்து வராது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஐம்பது தடவையும் ச்-ஐச் சேர்த்தே எழுதினாய். கல்வி நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கும் வேலை என்று நீ சொன்னபோது எந்த நிறுவனம் என்று நான் கேட்கவில்லை. முகவரி இல்லாமல் வந்தாலும் உன் கையெழுத்து எனக்குத் தெரியும், அச்சில் வந்தாலும்கூட.

உன்மேல் கோபமில்லை. உன் கடனுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன், புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எடை பார்க்காமல் நான் முத்திரை வைத்தது சர்வீஸில் அது ஒன்றுதான். அதற்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது, மாதா மாதம் நீ கட்டுகிறாய், எதை விட்டுக் கட்டுகிறாய் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கு எழுத வேண்டாம், தங்கைக்கு எழுது. சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, தவணை போக மிச்சம் எவ்வளவு, அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா, நாலே வரி போதும். அந்த அக்கா யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. உன் நாலு வரியைப் பார்த்த பிறகும் அந்தப் படிப்பைத்தான் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னால், பத்தாம் தேதி நல்ல பேனாவாக எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடுவேன், முகம் சுளிக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணாடியை மாற்று. நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நூறு வருடம் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். நானும் அதில் சேர்ந்துகொள்கிறேன். ஒன்று மட்டும் நினைவில் வை. தங்கைக்கு எழுதும்போது முயற்சி என்ற சொல் வந்தால் உனக்கு வருகிற மாதிரியே எழுது. திருத்த வேண்டாம். நாலாம் பக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறாள், அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்த்திருக்கும்
அப்பா