உன் அம்மாவின் மாவும் என் வயிற்றெரிச்சலும்

புதுவாயல்
12-9-73

சிரஞ்சீவி மணவாளனுக்கு உன் நைனா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், கறவை மாடும் சுகம், மனசளவில் நான் மட்டும் அவ்வளவு சுகமில்லை. செகந்திராபாத்தில் நீயும் மருமகளும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள், ஒர்க்‌ஷாப்பில் உனக்கு ராத்திரி வேலையை மாற்றிக் கொடுத்தார்களா இல்லையா என்று விவரமாக எழுதவும். இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி பக்கம் தொழிற்பேட்டைக்கென்று நிலம் அளக்கிறார்கள், அதற்காக எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து ரோட்டோரம் குடிசை போட்டிருக்கிறார்கள். ரைஸ் மில்லில் எனக்கு வேலை குறைவில்லை. இதெல்லாம் இருக்கட்டும், சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன், உன்னைவிட்டால் இதை நான் யாரிடம் சொல்வது.

பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து ஜானகியம்மாள் என்று ஒரு அம்மாள் ஜீப்பில் வருகிறாள் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா. அந்த அம்மாள் தை மாதம் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பெண்களையெல்லாம் கூட்டி, மெலிந்த பிள்ளைகளைத் தேற்ற டானிக்கும் டின் பாலும் வேண்டியதில்லை, கோதுமையும் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் வறுத்து மாவாக்கி வெல்லம் சேர்த்துக் கொடுத்தாலே போதும், ஐதராபாத்தில் டாக்டர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று பேசினாள். நம் ஊர்ப் பெண்கள், கோதுமை ஜுரக்காரன் தின்பது, நல்ல பிள்ளைக்கு அது எதற்கு என்று சிரித்தார்கள். உங்கள் பிள்ளைகள் எதைத் தின்னும் என்று அந்த அம்மாள் கேட்க, கேழ்வரகு என்றால் தின்னும் என்று உன் அம்மா எழுந்து சொன்னாள். அப்படியே செய்யலாம், யார் வறுத்து அரைத்துத் தருவீர்கள் என்றதற்கு, நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றையிலிருந்து நம் வீட்டுக்குப் பெயரே மாறிவிட்டது. உன் தாத்தா காலத்திலிருந்து, பிள்ளைக்கு மாந்தம், கீழே ஒன்று பிறந்து மூத்தது சவலை என்றால் என் பெயரைக் கேட்டுத்தான் பொன்னேரியிலிருந்துகூட வருவார்கள், நான் கொடுக்கிற எண்ணெய் தெரியாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. இப்போது வருகிறவர்களெல்லாம் வாசலில் நின்று, மாவு அம்மா ஊடு இதானா என்கிறார்கள். நானும் ஆமாம் என்று வழி காட்டுகிறேன். போட்டோ பிடிக்கிறவர் ஒருவர் வந்தார், உன் அம்மா பக்கத்தில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நானும் நின்றேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தை மாட்டியிருக்கிறார்கள், அதில் என் முழங்கை மட்டும் இருக்கிறது. அது என் முழங்கை என்று நான்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜீப் வந்து ஹாரன் அடித்தால் உன் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிப் போய்விடுகிறாள், நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு மில்லுக்குப் போகிறேன். டீக்கடை வரதன் ஒருநாள் எல்லோர் முன்னாலும், இன்னா மேஸ்திரி, அண்ணி ஜீப்புல போய்க்கினு கீறாங்க, உனக்கே சவலை புட்ச்சிக்கிச்சா, மூஞ்சி வாடிக் கெடக்குதே என்றான். சிரித்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்படி இருக்கும்போது லாரியில் லோடு ஏற்றும் ரங்கசாமியின் பெண்சாதி கங்கம்மாள் தன் மூத்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். முதலில் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால், இதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பாயி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓடி ஆடிக்கொண்டிருந்த குழந்தைதான், கீழே ஒரு தம்பி பிறந்ததும் சவலையாகிப் போனது. காலும் முகமும் உப்பி, முடி செம்பட்டையாகி, தொட்டால் சிணுங்கக்கூட இல்லை, பேதி வேறு நிற்கவில்லை. எப்போதும் போல எண்ணெய் கொடுத்து, வயிறு கட்டுகிறவரை கஞ்சித்தண்ணி தவிர வேறொன்றும் தராதே என்று சொல்லி அனுப்பினேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவர்கள் போனதும், வயித்துல ஒண்ணும் இல்லாமத்தான் அந்தப் புள்ள ஊதிக்கினு கீது, பேதி போனாலும் ஆகாரம் குடுக்கணும்னு சொல்றாங்க, நீ இன்னும் பட்டினி போடறியே என்றாள். இந்த ஊட்டுல வைத்தியம் பாக்கறது நீயா நானா என்று நான் சத்தம் போட்டேன். யார் பாத்தா இன்னா, புள்ள பொழைக்கணும், முன்னயே ரெண்ட வாரிக் குடுத்தவ அவ, என்று சொல்லிவிட்டு மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக அங்கேதான் போனாள்.

கங்கம்மாளும் என் பேச்சை விட்டுவிட்டு உன் அம்மா பேச்சைக் கேட்டாள். மணவாளா, எனக்கு எப்படி இருந்திருக்கும் நினைத்துப் பார். ஆனால் குழந்தை அந்த மாவையும் தின்னவில்லை. உருண்டை பிடித்துக் கொடுத்தால் கையைத் தட்டிவிடும், கரைத்துக் கொடுத்தால் துப்பிவிடும். தினமும் மத்தியானம் உன் அம்மா போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாடிப்போய் வருவாள். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஜானகியம்மாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள், போன பிள்ளைகள் இரண்டும் ஆஸ்பத்திரியில்தான் போயின என்று கங்கம்மாளின் மாமியார் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் உன் அம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடலையைப் புடைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். உன்னிடம் மறைப்பானேன், அவள் மாவும் தோற்றது என்று ஒரு நொடி எனக்கு இனித்தது. அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அந்த இனிப்பு நிற்கவில்லை.

மறுநாள் மில்லுக்குப் போகிற வழியில் நானே கங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். என் எண்ணெய்க் குப்பி மூலையில் கிடந்தது, மாவு டப்பா நடுவில் இருந்தது, அதையும் பார்த்தேன். குழந்தை கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. எதிரே தட்டில் உருண்டை, அதைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கங்கம்மாள் உள்ளே உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், குப்பாயியின் கண் அங்கேயே நிலைகுத்தி இருந்தது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், மணவாளா. ஜீப் கிளம்பிப் போகும்போது வாசலில் நின்று நான் பார்க்கிற பார்வை அது.

கைப்புள்ளய அத்தைகிட்ட குடுத்து வெளிய அனுப்பு, பெரியத மடில போட்டுக்கோ, தட்டுல வெச்சி நீட்டாதே, மார்ல சாச்சிக்கினு ஊட்டு என்றேன். ரெண்டு வயசு பொண்ணை இன்னும் மடில வெச்சிக்கினு கீறதா, அடுப்பு வேலை யார் பாப்பாங்க என்றாள். அடுப்பு அப்படியே கெடக்கட்டும் என்று அதட்டினேன். மடியில் போட்டதும் குழந்தை தாயின் கையைக் கடித்தது, முட்டியது, அவ்வளவு நாளும் அழாதது ஓவென்று அழுதது, அழுது ஓய்ந்து அப்படியே மார்பில் கிடந்தது. அப்புறம் கங்கம்மாள் மாவைக் கரைத்து விரலால் வாயில் வைத்தாள். விழுங்கியது. இன்னொரு விரல் வைத்தாள், அதையும் விழுங்கியது. கங்கம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே கண் கலங்கிவிட்டது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் வேளாவேளைக்கு மடியில் வைத்தே ஊட்டினாள், உன் அம்மா போய் அடுப்பு வேலையைப் பார்த்துக்கொடுத்தாள், மாமியார்க்காரி கைக்குழந்தையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மெல்ல மெல்ல வீக்கம் வற்றி எலும்பு தெரிந்தது, அதைப் பார்த்து நாங்கள் பயந்தோம், நீர் இறங்குகிறது இனிமேல்தான் சதை பிடிக்கும் என்று ஜானகியம்மாள் தைரியம் சொன்னாள். அப்படியே ஆயிற்று. இப்போது முடி அடியில் கறுத்து வருகிறது, போன வெள்ளிக்கிழமை மில் வாசல் வரை நடந்து வந்து ஒரு கோழியைத் துரத்தியது.

சந்தோஷமான சமாசாரம்தான், ஆனாலும் கேள். திருவள்ளூரில் பெரிய கூட்டம் போட்டார்கள், உன் அம்மாவை மேடையில் ஏற்றினார்கள், நானும் கூடப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேதி போனாலும் பட்டினி போடக் கூடாது, மாவு மட்டும் போதாது, சவலைப் பிள்ளையைத் தாய் மடியில் போட்டு ஊட்டணும் என்று உன் அம்மா கணீரென்று பேசினாள், அத்தனை பேரும் கை தட்டினார்கள். மடியில் போடச் சொன்னது யார் என்று ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸில் திரும்பினோம். இன்னாத்துக்கு இப்டி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு வர்றே என்று அவளே கேட்டாள். நான் சொன்னதுதானே, என் பேரச் சொன்னா இன்னா கொறஞ்சி போயிடும் என்றேன். அதற்கு அவள், கட்டுன புருசன் பேர சபைல எப்டி வாயால சொல்றது, நல்லா கேட்ட போ, என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். மற்ற ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க உன் அம்மாவைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், உன் ஊருக்கே, ஐதராபாத்துக்கே வருகிறாள். என்னிடம் கேட்டாள். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, போ என்றும் சொல்லவில்லை, பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை மட்டும் இறக்கித் துடைத்து வைத்தேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை சென்ட்ரலில் ரயில் ஏறுகிறாள், ஜானகியம்மாள் கூட வருகிறாள். அவள் இல்லாதபோது கங்கம்மாள் வறுத்துக் கொடுக்க, மில்லில் நான் அரைத்துக் கொடுக்கிறதாக ஏற்பாடு. நீ லீவு சொல்லி ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துக்கொள், அந்த ஊர்த் தண்ணீர் அவளுக்குச் சேராது, கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்கச் சொல். பேரனைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் எல்லோரும் கூடிப் பேசப்போகிறீர்கள், நான் இங்கே மாட்டோடு பேசிக்கொண்டிருப்பேன்.

எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், பேரனுக்கு என் முத்தம், மருமகளுக்கு ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அங்கே வந்ததும் உன் அம்மா என்னைப் பற்றி என்ன கேட்டாள், நைனா வேளைக்குச் சாப்பிடுகிறாரோ என்னவோ என்று கவலைப்பட்டாளா என்று உடனே ஒரு கார்டு போடு. அவள் ஒன்றும் கேட்காவிட்டாலும் கேட்டதாகவே எழுது.

இப்படிக்கு
உன் நைனா
செங்கல்வராயன்