வெள்ளை கிளவுஸ்

ஆகஸ்ட் 12, 1991. திங்கள்.

காலையிலேயே புழுக்கம். ஸ்டோர் ஃபேன் ஓடவில்லை.

தீர்ந்தவை: எமரி பேப்பர், எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட், கை கழுவும் சோப்பு. மானேஜரிடம் சொன்னால் “போன வாரம்தானே வாங்கினோம்?” போன வாரம் வாங்கியதைப் போன வாரமே தேய்த்துவிட்டார்கள். தேய்க்கத்தானே எமரி?

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை கிளவுஸ். தகட்டில் பிசிறு எடுக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். தகட்டு ஓரம் பிளேடு மாதிரி. கிழிந்த ஜோடியைக் கொடுத்தால் புதுசு தர வேண்டும் என்பது விதி. புதுசே வராதபோது கிழிசலை வாங்கி நான் என்ன செய்ய? மூலையில் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. அதற்குள் எலி வேறு.

அவர்களில் மூத்தவர் ஸ்டெல்லா அக்கா. இன்று கையை நீட்டிக் காட்டினார்.

“இன்னா மேடம், இத்தப் பாரு. அஞ்சு வெரலும் வெளிய வந்து வணக்கம் சொல்லுது.”

“மானேஜரைக் கேளுங்கக்கா.”

“நீதான ஸ்டோரு?”

நான்தான் ஸ்டோர். பூட்டும் திறப்பும் மட்டும்.

வீட்டில் தீப்பெட்டி இல்லை. “சொல்லியிருந்தா வாங்கியாந்திருப்பேன்ல?” என்கிறார் இவர். எது தீர்ந்தாலும் நான்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் நான்தான் ஸ்டோர்.

ஆகஸ்ட் 13. செவ்வாய்.

கிளவுஸ் வந்துவிட்டது! வெள்ளை நூல், தடிமன். பன்னிரண்டு ஜோடி. பிரிப்பதற்குள் மானேஜர் ஓடி வந்தார்.

“பிரிக்காத சுமதி. வெள்ளிக்கிழமை நம்மகிட்ட தகடு வாங்குற கம்பெனிக்காரங்க இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்க. அன்னைக்குக் காலைல கொடு, சாயங்காலம் கலெக்ட் பண்ணிடு. அடுத்த தடவைக்கும் ஆகும்.”

“சார், இன்னைக்கே கொடுத்தா என்ன?”

“அழுக்காயிடும்மா.”

கிளவுஸ் அழுக்காகிவிடுமாம். பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மதியம் ஸ்டெல்லா அக்கா: “பார்சலு வந்துச்சாமே?” “அது வேறக்கா” என்றேன். நம்பவில்லை. நம்பும்படியாகவா சொன்னேன்?

மாலை மழை. அம்பத்தூர் எஸ்டேட் ரோடு முழுக்கச் சேறு, செருப்பு வார் அறுந்தது.

ஆகஸ்ட் 14. புதன்.

ரஹமத்துக்குக் கை கிழிந்துவிட்டது. எல்லாரிலும் சின்னவள், பூந்தமல்லியிலிருந்து வருகிறவள். தகடு வழுக்கி, கிளவுஸ் ஓட்டை வழியே உள்ளங்கையில் நேராக இறங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பஞ்சு இல்லை, டிஞ்சர் பாட்டில் காலி. போன மாதமே கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். யார் காதில் விழுந்தது?

ஸ்டெல்லா அக்காவின் சாப்பாட்டுத் துண்டால் கட்டினோம். கட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த பீரோவுல இன்னா கீது மேடம்?”

ரஹமத்தைத் தோளைப் பிடித்து எழுப்பினேன்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். தையல் போடும்போது ரஹமத் அழவில்லை. வெளியே வந்ததும் மெதுவாக, “மேடம், எங்க அம்மா கேட்டா கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லுங்க. தகடுன்னா வேலைக்கு அனுப்ப மாட்டாங்க.”

திரும்பி வந்தால் மானேஜர்: “கவனம் இல்லாம வேலை செஞ்சா இப்படித்தான்.”

ஆகஸ்ட் 15. வியாழன்.

லீவு. தெருவில் கொடி, மிட்டாய். சோறு குழைந்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதற்கும் எரிச்சல்.

ஆகஸ்ட் 16. வெள்ளி.

காலை பீரோவைத் திறந்து கொடுத்தேன். பதினொரு பேர், பதினொரு ஜோடி. வந்தவர்கள் சுற்றிப் பார்த்து “வெரி நீட்” என்றார்கள். ஒருவர் அந்தக் கைகளை மட்டும் போட்டோ எடுத்தார்.

மாலை மானேஜர் ஒரு அட்டைப் பெட்டியை என் கையில் கொடுத்தார். போய் நின்றேன். பிச்சை கேட்பதுபோல்.

ஸ்டெல்லா அக்கா: “கயட்ட மாட்டோம்.”

“அக்கா, என்னை ஏன்...”

“உன்ன ஒண்ணும் சொல்லல. நீ கேட்ட, நாங்க குடுக்கல. அப்டியே போய் சொல்லிக்கோ.”

பதினொரு பேரும் கிளவுஸோடு கேட்டைத் தாண்டினார்கள். கையை வீசிக்கொண்டு. டீக்கடையில் ஒரு ஆள், “இன்னாம்மா, பேண்டு செட்டா?” என்றான். அவர்கள் சிரித்த சத்தம் ஸ்டோர் வரை கேட்டது. மானேஜர் மாடியிலிருந்து கத்தினார். பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

பீரோவில் ஒரு ஜோடி மிச்சம். பையில் போட்டுக்கொண்டு நேரே பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். ரஹமத்தின் அம்மா டீ கொடுத்தார். “எந்தக் கதவும்மா அது?” என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. தகடுதான் என்று சொல்லிவிட்டேன். ரஹமத் என்னை முறைத்தாள். அந்த அம்மா வெகுநேரம் கிளவுஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, “கிளிஞ்சா வேற குடுப்பீங்களா?” என்றார்.

குடுப்பேன் என்றேன். எந்தத் தைரியத்திலோ.

ஆகஸ்ட் 17. சனி.

பதினொரு பேரும் அதே கிளவுஸைப் போட்டு வேலைக்கு வந்தார்கள். பத்து மணிக்குள் கறுப்பு. மானேஜர் கூப்பிட்டார்.

“யார் தூண்டிவிட்டது? நீயா?”

“யாரும் தூண்டல சார். ஒரு ஜோடி ரஹமத் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அது மட்டும் என் கணக்கு.”

“அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்ன பண்றது? இனிமே சொல்லாமலே வருவாங்களாம்!”

“அப்ப தினமும் கையில புதுசு இருந்தாகணும் சார்.”

என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். வெளியே ஸ்டெல்லா அக்கா தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்றிருந்தார், அவர் பின்னால் இன்னும் நாலு பேர். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஐந்து பேர்.

கிளவுஸ், வாரா வாரம். பஞ்சு, டிஞ்சர். ஆர்டர் சீட்டை எழுதி நீட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பாதியில் பேனா நின்றது. உதறினார். எழுதவில்லை.

“ரீஃபில் தீர்ந்துடுச்சி. உடனே ஒண்ணு எடுத்துட்டு வாம்மா.”

உடனே!

எடுத்துக்கொண்டு போனேன். மீதிக் கையெழுத்தையும் போட வைத்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.