அவிழ்த்த லுவோம்போ

மே 4
மருத்துவமனைப் படியேற நாகிட்டோ இன்று நான்கு முறை நின்றாள். “என் பொண்டாட்டி மாடி ஏறி முடிக்கறதுக்குள்ள ஊரே சாப்பிட்டுத் தூங்கிடும்” என்று வழக்கம்போல் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்க மூச்சு இல்லை.
இதயம் இந்த எடையைத் தாங்காதாம். வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர்.

மே 9
அவளுக்குக் கத்தி பயமில்லை. இளைத்தால் கம்பாலாவில் என்ன பேசுவார்கள் என்பதுதான் பயம். அவள் அண்ணன் எய்ட்ஸில் எலும்பாகிச் செத்துப்போனவர். “எனக்கும் அதுதான்னு சொல்வாங்க. நீங்க கூட நிப்பீங்களா?” என்றாள். நிற்பேன் என்றேன்.

மே 27
ஒப்புக்கொண்டாள்! ஜூன் 10, காலை. அதுவரை வெறும் கஞ்சித் தண்ணீர். நானும் அதையே குடிக்கிறேன். பசி காதை அடைக்கிறது.

ஜூன் 10
விடிந்ததும் மசாகா ஊரிலிருந்து அவளுடைய அத்தை வந்து நின்றார், கையில் வாழையிலைப் பொதி. இலைக்குள்ளேயே கட்டி அவித்த கோழி லுவோம்போ. வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்வதற்குள் பொதியை அவிழ்த்துவிட்டார். எங்கள் வழக்கத்தில், அவிழ்த்த லுவோம்போவைத் தொடாமல் எழுந்தால் அவரை வெளியே போகச் சொன்னதற்குச் சமம். அவள் என்னைப் பார்த்தாள். நான், நான்தான், “ரெண்டு வாய் சாப்பிடு, அத்தை மனசு நோகக் கூடாது” என்றேன்.
நர்ஸ் கேட்டபோது அவள் பொய் சொல்லவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி ஜூலை 22.
வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை அவள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 3
போயிட்டா. துணிக்கடை மாடிப்படியில. மூணாவது தடவை நின்னப்போ.

ஜூலை 5
எங்கள் வழக்கப்படி மரப்பட்டைத் துணியில் சுற்றிப் புதைத்தோம். என்ன செழிப்பான உடம்பு, நோயாளி மாதிரியே இல்லையே என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். பாவி, நானும் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 14
அத்தை வந்திருந்தார். நான் இளைத்துவிட்டேனாம். லுவோம்போவை என் முன்னால் வைத்து அவிழ்த்தார். ஆவி முகத்தில் அடித்தது.
“வேண்டாம் அத்தை” என்றேன்.
அவர் கோபிக்கவில்லை. இலையைத் திரும்ப மடித்து அடுப்படியில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். அவ்வளவேதான்.